ஏழாம் நம்பர் பஸ் ஏன் நிற்கிறது

— இன்னாக்கா, தோசை ஆறிப்போவுது, இன்னும் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியவே மொறைச்சிகினு கீற?

— சும்மா இருடி கவியா. ‘கம்பெனி பஸ் வந்துடுச்சு’ன்னு என் சாப்ட்வேர் போன்ல காட்டுது, வண்டியக் காணோம். ஒரகடம் ஸ்டாப்புல பொம்பளைங்க காலையில திட்டித் தீத்துட்டாங்களாம்.

— இதுக்குத்தான் தண்டலம் காலேஜ்ல ஆராய்ச்சிய வுட்டுட்டு கம்பெனிக்குப் போனியா? அங்க இருந்தா டாக்டர் ரஞ்சனின்னு கெத்தா இருந்திருப்ப.

— அங்க நான் எழுதுனத மூணு பேர் படிச்சாங்க. அதுல ஒருத்தி நான். இங்க ஷிப்ட்டுக்குப் போற ஜனம் மொத்தமும் பாக்குது. திட்டு வந்தாலும் சந்தோஷமா இருக்குடி.

— அப்றம் ஏன் மூஞ்சி அப்டி கீது?

— நாளைக்கும் தப்பாக் காட்டுனா மேனேஜர் இதத் தூக்கிடுவாரு. மத்த பஸ்லாம் சரி. ஏழாம் நம்பர் மட்டும் வல்லக்கோட்டை முருகன் கோயில் ஆர்ச்சுல ரொம்ப நேரம் நின்னுடுது.

— ஏ... ஏழா? டிரைவர் முருகனக் கும்புடுவாரா இருக்கும்.

— டிரைவர் பேரு யாக்கோபு.

— ஏன், யாக்கோபு முருகனக் கும்புடக் கூடாதா?

— கும்புடட்டும். காலேஜ் புத்தியில, அந்த நிக்கற நேரம் கணக்குல ஒட்டலன்னு நான்தான் தூக்கிப் போட்டேன். ஆராய்ச்சிப் பேப்பர்னா தப்பிச்சிருப்பேன். இங்க ஆளுங்க ரோட்டுல நிக்கறாங்களே.

— திரும்ப சேத்துட்டுப் போயேன். காரணத்த ஏன் நோண்டுற?

— சில நாள் நிக்கறதே இல்லடி. நீ நைட் ஷிப்ட் போன வாரம் நிக்கல. உனக்குக் காய்ச்சல் அடிச்சப்பவும் நிக்கல.

— சட்னி ஊத்தட்டா?

— ஊத்து. நீ ஆர்ச்சுலதான ஏறுற?

— நான் ஓடியாறதப் பாத்துட்டு நிப்பாட்டுவாருக்கா.

— அவ்ளோ நேரமாவா ஓடியாற?

— பூ வெக்கணும்ல...

— நீ எப்பலேந்துடி பூ வெக்கற?

— அவரு வாங்கியாந்து வெச்சிருப்பாரு.

— அடிப்பாவி! பஸ்ல எல்லாருக்கும் தெரியுமா?

— டாக்டரம்மா, உனக்கு மட்டுந்தான் தெரியாது. அக்கா, அப்பாகிட்ட சொல்லிடாத.

— நான்தான் சொல்லப்போறேன். நீ சொன்னா உளறுவ. முதல்ல இதுக்கு பதில் சொல்லு, ப்ரோக்ராம்ல எழுதணும்: கல்யாணத்துக்கப்புறமும் பஸ் ஆர்ச்சுல நிக்குமா, இல்ல ஒரே வூட்லேந்து ரெண்டு பேரும் கிளம்பிடுவீங்களா?