அலுமாரிக்கு அந்தப் பக்கம்

கோட்டையைக் கூட்டித் துடைக்கிற வேலையை நான் ஒருநாளும் கேவலமாக நினைத்ததில்லை. ஹம் நகரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வழிகாட்டிப் பெண் மதில்மேல் நின்று தினமும் ஒரே கதையைத்தான் சொல்லுவாள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பாதி அவள் சொல்லக் கேட்டுப் பழகியது.

மதிலில் ஏணி வைத்து ஏறுகிறவன் முட்டாள் என்பாள். மேலிருந்து கல் விழும், கொதிதண்ணீர் விழும். விஷயம் தெரிந்தவன் தள்ளிக் கூடாரம் அடித்து, உள்ளே போகிற தண்ணீரை மறித்துவிட்டுச் சும்மா இருப்பான். அதற்கும் ஒரு நியாயம் இருந்ததாம். முதலில் தூது அனுப்ப வேண்டும். கல்லெறியும் பொறியை நாட்டுவதற்கு முன் பணிந்தால் உயிர் தப்பலாம். அதற்குப் பிறகு பணிந்தால் இரக்கம் கிடையாது.

என் மனைவி டெல்சியைப் பற்றிக் கேட்டீர்கள். எவ்வளவோ அலைந்து மன்னாரிலிருந்து நான் கூப்பிட்டு எடுத்தவள். வந்ததும் மொழி வகுப்புக்குப் போக வேண்டும் என்றாள். நான் கைநீட்டினேன், அது உண்மை. தொண்ணூற்றாறு தை மாதம் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கூரையடி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"இனி அடிக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ, வெளியில வாறன்."

என் வீட்டில் எனக்கே நிபந்தனை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் கதவை உடைக்கவில்லை. "இப்ப வந்து காலில விழு, மன்னிக்கிறன்" என்றேன். அவள் வரவில்லை.

கீழே போய் அந்த அறைக்குப் போகிற தண்ணீரைப் பூட்டினேன். ஹீட்டரையும் நிறுத்தினேன். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அலுமாரியை இழுத்து அதற்குக் குறுக்கே வைத்தேன். கூரைச் சரிவில் இருந்த சின்னக் கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். கீழ்வீடு காலி.

கோயிலில் எங்களைக் காணவில்லை என்று பேர்பெச்சுவா அக்கா தேடி வந்தார்.

"கொப்பளிப்பான் அக்கா. பிள்ளைக்கும்தான்" என்றேன்.

அந்த அம்மை வருத்தம் உள்ள வீட்டுக்குள் எங்கள் ஆட்கள் கால் வைக்க மாட்டார்கள். மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. "காய்ச்சலில பினாத்துறாள்" என்றேன். அக்கா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பிறகு கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுசி. கஞ்சியை நான் குடித்தேன்.

கடைசியில் டெல்சி பணிந்தாள். "இஞ்சாருங்கோ, நான் ஒரு இடமும் போகேல்லை. வகுப்பும் வேண்டாம். அலுமாரியை எடுங்கோ." குரல் காய்ந்து போயிருந்தது.

"நேரம் போயிட்டுது" என்றேன்.

பிறகு பிள்ளைக்காகக் கேட்டாள். லாராவுக்கு இரண்டு வயது. "என்னை விடுங்கோ. பிள்ளையை மட்டும் எடுங்கோ. அவள் இப்ப அழுறதும் இல்லை."

வழிகாட்டி இதையும் சொல்லியிருக்கிறாள். உள்ளே சாப்பாடு குறைந்தால், சண்டை பிடிக்க முடியாதவர்களை வெளியே தள்ளிவிடுவார்களாம். முற்றுகை போட்டவன் அவர்களை வாங்க மாட்டான். வாங்கினால் உள்ளே இருக்கிறவனுக்குத்தான் வசதி. அலுமாரியை நான் நகர்த்தவில்லை.

ஓம், இரண்டு பேரையும் தாகத்தில் சாகவிட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையையாவது ஏன் வெளியே எடுக்கவில்லை என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். நானும் ஒரு தகப்பன். பச்சைப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.