மீசை வீட்டில்தான் இருக்கிறான்

நேரம் தவறுகிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது, சார். யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் அந்த ஆப்பை எல்லார் போனிலும் போட வைத்ததே அதற்காகத்தான். "வந்துட்டே இருக்கேன்டா" என்பார்கள். விசாரித்தால் வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். மேப்பில் முகம் தெரிந்துவிட்டால் யாரும் யார் காதிலும் பூச்சுற்ற முடியாது.

நாங்கள் நான்கு பேர். போன் ரிப்பேர் கடை வைத்திருந்த மீசை, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை, அப்புறம் ஐஸ்கிரீம் கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கும் நான். மீசைக்கு மீசை கிடையாது. காலேஜில் வளர்த்துப் பார்த்தான். அது முளைக்கவில்லை, பட்டப்பெயர்தான் முளைத்தது.

மேப்பில் ஆளுக்கொரு வட்டம், அதற்குள் அவரவர் மூஞ்சி. வாத்தியார் ஒரே ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்தால் புது ஆள் கற்றுக்கொள்கிறார் என்று அர்த்தம். மாப்பிள்ளை பேக்கரியில் நின்றால் தங்கையோடு சண்டை, சமாதானத்துக்கு ஏதோ வாங்குகிறார். எனக்கென்று குடும்பம் இல்லை, சார். அந்த மூன்று வட்டங்களைப் பார்த்தால்தான் வீட்டில் ஆள் இருப்பதுபோல இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்க்கிறேன், மூன்று வட்டமும் மீசை வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. மீசையின் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆக, வீடு காலி, கச்சேரி களைகட்டிவிட்டது. சாயங்காலமும் அங்கேயே. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே. வாத்தியாருக்கும் மாப்பிள்ளைக்கும் மெசேஜ் போட்டேன், பதில் இல்லை. கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மீசை மட்டும் எடுத்தான்.

"தலைக்கு மேல வேலைடா. அப்புறம் பேசறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான், சார். மறுநாள் மூவரும் எதுவுமே நடக்காததுபோலப் பேசினார்கள். நானும் சிரித்தேன். கூப்பிடாத விருந்தைப் பற்றி நாமாகக் கேட்பது அழகில்லை. ஆனால் வலித்தது. நன்றாகவே வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்கு விடுமுறை. உள்ளே கேமரா ஒன்று வேலை செய்யவில்லை, வந்து பாரேன் என்று மீசையைக் கூப்பிட்டேன். அடுத்த நிமிடமே கிளம்பி வந்தான். எனக்கு ஒன்றென்றால் அவன் அப்படித்தான். குளிர் அறைக்குள் யாரும் போன் கொண்டுபோக மாட்டோம், பேட்டரி செத்துவிடும். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு, "பத்திரம்டா, அவ கூப்பிட்டாலும் கூப்பிடுவா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கதவைச் சாத்தினேன். உள்பக்கக் கைப்பிடி உடைந்து கொஞ்ச நாளாகிறது. அதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டியவன் நான்தான்; சொல்லவில்லை.

ஒருத்தனை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே சந்தோஷமாக இருந்தார்கள் அல்லவா? கொஞ்ச நேரம் அவன் உள்ளே இருக்கட்டும், நான் வெளியே இருக்கிறேன். அவ்வளவுதான் என் எண்ணம். போனை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சாவி வழக்கம்போல ஷூவுக்குள் இருந்தது. கட்டிலில் போட்டுச் சார்ஜரைச் செருகிவிட்டு வந்தேன். யாரும் வீணாகப் பதறக் கூடாது என்பதற்காகத்தான், சார்.

சாயங்காலம் அவன் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணே, அவரு போனே எடுக்க மாட்டேங்கிறாரு. மேப்புல வீட்லதான் காட்டுது."

"தூங்குவான்மா. நீ உடம்பப் பாத்துக்கோ."

"சரிண்ணே. நீங்க சொன்னா சரி."

வாத்தியாரும் கேட்டார், மாப்பிள்ளையும் கேட்டார். "வட்டம் வீட்லதானே இருக்கு, விடுங்கப்பா" என்றேன். மூன்று பேரும் என்னையே தேடிக் கேட்டது அன்றைக்குத்தான். பொய் சொல்வானேன், மனதுக்கு இதமாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தவனும் நான்தான். கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தான். உயிர் போயிருந்தது. நான்தான் கொன்றேன், அதில் உங்களுக்குச் சிரமம் வைக்க மாட்டேன்.

நேற்று நீங்கள்தான் அந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னீர்கள். வாத்தியார் போனுக்கும் மாப்பிள்ளை போனுக்கும் பேட்டரி மாற்றித் தருவதாக மீசை வாங்கி வைத்திருந்தானாம். புது பேட்டரியில் சார்ஜ் நிற்கிறதா என்று இரண்டு நாள் வீட்டு மேசையில் வைத்துப் பார்த்தானாம். வாத்தியார் அவர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாப்பிள்ளை என் தங்கையோடு சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மீசை வீட்டில் விருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. தலைக்கு மேல் வேலை என்றது உண்மைதான்.

"ஆள் இல்லாம போன மட்டும் வீட்ல கொண்டுபோய் வெச்சவன்தானேய்யா நீ? அவங்க போனும் அப்படி இருக்கலாம்னு உனக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதிலிருந்து யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

தோணவில்லை, சார். என் போன் புதுசு, பேட்டரியும் நன்றாகவே நிற்கிறது. அதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும், "உன்னோடதையும் கொண்டு வாடா, பாத்துடலாம்" என்று அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இல்லையா?