கண்ணாடிக் கடைக்கு மேலே

மதியம் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது இன்னொருவர் கொட்டாவி விட்டால் நன்றாகவா இருக்கும்? அதனால் கள்ளக்குறிச்சியில் தனியாகத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து மதியத்தில் யாரையும் பார்ப்பதில்லை. காலையில் சிலர், வெயில் தாழ்ந்து சிலர், நடுவில் எனக்கொரு குட்டித் தூக்கம்.

மனநல ஆலோசகனாக இருப்பவன் தன்னைவிட மூத்த ஒருவரிடம் அவ்வப்போது போய்த் தன் கேஸ்களைப் பேசிவிட்டு வருவது நம் தொழிலில் நல்ல பழக்கம். எனக்குத்தான் உங்களிடம் வர இத்தனை காலம் ஆகிவிட்டது. இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்றீர்கள். நானும் தினமும் அதையே சொல்கிறவன்தான். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். ஒரு கேஸைப் பற்றி ஒரு சின்ன யோசனை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

என் இடம் மஜீத் பாயின் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. தேடிப் பிடித்த இடம். எங்கள் பக்கத்தில் ஒருவர் மனசு டாக்டரிடம் போவதை யாராவது பார்த்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் சின்னசேலம் வரை சேதி போய்விடும். கண்ணாடிக் கடைக்குப் போனால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பாய் தங்கமான மனிதர். என்னிடம் வருகிறவர்களிடம் ஒரு காலிக் கண்ணாடிக் கூட்டைக் கொடுத்து, "இத்த கையில புடிச்சிகினு போம்மா, எவன் கேட்டாலும் பவரு செக் பண்ண வந்தேன்னு சொல்லு" என்று மேலே அனுப்புவார். வருவது முன்படிக்கட்டு வழியாக. போவது பின்படிக்கட்டு வழியாக, சந்துக்குள் இறங்கி. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் நல்ல இடைவெளி விடுவேன். இத்தனை வருடத்தில் என் மாடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஒரு நாளைத் தவிர.

தேவிப்ரியா நைனார்பாளையத்துப் பெண். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒருநாள் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துப்போய்விடுவோம் என்று தோன்றிவிட்டது. அப்புறம் பள்ளிக்கூடம் பயம், பஸ் பயம், தெரு பயம். கடைசியில் வாசல்படி தாண்டவே பயம். அம்மா அமிர்தம் கோயில், மந்திரிப்பு எல்லாம் முடித்துவிட்டுத்தான் என்னிடம் கூட்டிவந்தார். எல்லோரும் அப்படித்தான், நான் கோபப்படுவதில்லை.

அவளை நான் நன்றாக்கினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முதலில் வாசலில் நிற்கவைத்தேன். பிறகு தெருமுனை. பிறகு நிற்கிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இறங்குவது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு ஸ்டாப் போனபோது நான் பின் சீட்டில் யாரோ போல உட்கார்ந்திருந்தேன். வருடம் முடிவதற்குள் கல்வராயன் மலை பஸ்ஸில் தனியாக ஏறி, அத்தனை வளைவுகளையும் தாண்டிக் கரியாலூர் போய் வந்தாள். வரும்போது பலாச்சுளை வாங்கி வந்தாள். "ஜன்னலோரமா குந்திகினு போனேன் சார். பக்கத்துல ஒரு ஆயா வாந்தி எடுத்துகினு வந்துச்சு, நான்தான் அதுக்குத் தைரியம் சொன்னேன்" என்று சிரித்தாள். யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்வதில்லை என்பது என் கொள்கை. அன்று ஒரு சுளை தின்றேன்.

"இனிமே நான் வரவேணாம் இல்லிங்க சார்?" என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றேன்.

தச்சனாவது தான் செய்த கதவைத் தெருவில் நின்று பார்த்துக்கொள்ளலாம். நமக்கு அதுவும் கிடையாது. வெளியில் எங்காவது பார்த்தால் என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம், நானும் காட்டிக்கொள்ளமாட்டேன் என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். அவளிடமும் சொல்லியிருந்தேன். அவள் சொன்ன பேச்சு கேட்கிற பெண்.

சில மாதம் கழித்து ஒரு ஜவுளிக் கடையில் வேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அவள். பக்கத்தில் மாப்பிள்ளைப் பையன். வடக்கனந்தலில் கரும்பு விவசாயம், வெங்கடேசன் என்று பெயர். அதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவள் அரக்குப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடிக்குள் நானும் இருந்தேன். சிரித்துவிட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். பையன் திரும்பிப் பார்த்து, "யாரு அவுரு?" என்றான். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரியலயே. கண்ணாடிக் கடையில வேல செய்றவரு போல" என்றாள்.

ரொம்ப இயல்பாகச் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அந்த அளவுக்கு நான் அவளைக் குணப்படுத்தியிருந்தேன். வேட்டியை எடுக்காமல் வந்துவிட்டேன். வலித்தது. வலிக்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கொளஞ்சியம்மாள் என்று ஒருவர் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வந்துகொண்டிருந்தார். வடக்கனந்தல். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாமல், சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவார். அந்த வாரம் வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. சின்ன மகனுக்குப் பெண் அமைந்துவிட்டதாம். நைனார்பாளையமாம், டீச்சராம். எனக்குப் புரிந்துவிட்டது. அவரே தொடர்ந்தார்.

"பெரிய மருமவ பயந்துகினு பயந்துகினு மூலையில கெடந்தா சார். கடசில அவ அம்மா வூட்டுக்கே போய்ட்டா. ஊரே சிரிச்சிச்சி. இன்னொரு தபா அப்பிடி ஒருத்தி எங்க வூட்டுக்கு வந்தா நான் உசுரோட இருக்கமாட்டேன்."

"கவலப்படாதீங்க" என்றேன்.

நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். செய்தது மிகவும் கொஞ்சம். தேவிப்ரியாவைப் போனில் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை வந்து போம்மா, எப்படி இருக்கிறாய் என்று பார்த்துவிடலாம் என்றேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள். கொளஞ்சியம்மாளை அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக வரச் சொன்னேன். பின்படிக்கட்டுக் கதவைப் பூட்டினேன். யாரைப் பற்றியும் யாரிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. என் தொழிலில் ரகசியம் காத்தவன் என்ற பெயர் எனக்கு இன்றைக்கும் உண்டு.

தேவிப்ரியா வந்து கல்யாணப் பத்திரிகை கொடுத்தாள். என் பெயரை அழகாக எழுதியிருந்தாள். குடும்பத்தோடு வரவேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, தன்னையே திருத்திக்கொண்டு, "நீங்க வரமாட்டீங்க, தெரியும். ஆனாலும் குடுக்கணும்னு தோணிச்சு சார்" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். பேச்சு முடிந்து முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.

பெஞ்சில் கொளஞ்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். கையில் காலிக் கண்ணாடிக் கூடு.

"அத்த" என்றாள் தேவிப்ரியா.

கொளஞ்சியம்மாளின் முகம் வெளுத்தது. கூட்டைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மாளை நான் இத்தனை சாமர்த்தியசாலி என்று நினைத்ததே இல்லை.

"பொண்ணு இங்க வந்து போய்கினு கீதுன்னு காதுல வுழுந்துச்சி. நெசமா பொய்யான்னு விசாரிச்சிகினு போலாம்னு வந்தேன். நெசந்தான் போல."

தேவிப்ரியா என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணால் கேட்டது என்ன என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண் குணமாகிவிட்டாள் என்று நான் சொன்னால் போதும். இந்த அம்மாவும் என்னிடம் வருகிறவர்தான் என்று சொன்னாலும் போதும், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இரண்டுமே ரகசியம். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பின்கதவுக்கு ஓடி இழுத்துப் பார்த்தாள். இரண்டு மூன்று முறை இழுத்தாள். அப்புறம் திரும்பி வந்து, வருங்கால மாமியாரின் முழங்காலை உரசிக்கொண்டு முன்படிக்கட்டில் இறங்கினாள். அவளுக்கு மூச்சு வாங்குவது கீழே பாய் வரைக்கும் கேட்டிருக்கும்.

கல்யாணம் நின்றது. சேதி பரவி, மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்த பள்ளிக்கூடத்திலும் நிர்வாகம் நயமாகப் பேசி அனுப்பிவிட்டது. அவள் பழைய அறைக்குத் திரும்பினாள், இந்த முறை ஜன்னலையும் சாத்திக்கொண்டு. கொளஞ்சியம்மாள் இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் வந்தார். வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் இப்போது நன்றாகத் தூங்குகிறார். அந்தக் கேஸை முடித்துவிட்டேன்.

அமிர்தம் போன் செய்து அழுதார். "ஒரு தடவ காப்பாத்தினீங்க, இன்னொரு தடவையும் நீங்கதான் சார் காப்பாத்தணும்." வெளியில் வராதவளை என் மாடிக்கு எப்படிக் கூப்பிடுவது? நானே போகிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நைனார்பாளையம் பஸ்ஸில் இறங்கினால் டீக்கடையில் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறார்கள். இனி மறைக்க அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. நான் யார் என்று தெருவுக்கே தெரியும். அவள் மற்றவர்களிடம் பேசுவதில்லை, என்னிடம் மட்டும் பேசுகிறாள்.

கேட்க வந்த யோசனை இதுதான். வாரம் ஒருமுறை என்பதை இரண்டுமுறை ஆக்கிவிடலாமா? ஏன் கேட்கிறேன் என்றால், போன வாரம் ஒன்று நடந்தது.

நான் போனபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். செருப்பு போட்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே வந்திருக்கிறாள். கை நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானது. குணமாகப் போகிறவர்களுக்கு வருகிற நடுக்கம்.

"சார், பஸ் ஸ்டாப் வரிக்கும் போய்ப் பாக்கட்டா? நீங்க கூட வந்தா போய்டுவேன்னு தோணுது."

அமிர்தம் பின்னால் மூச்சு விடாமல் நின்றார். தெருவில் ஒரு ஆளில்லை, ஒரு நாய்கூட இல்லை.

"இன்னிக்கு வேணாம்மா" என்றேன். "எல்லாரும் உன்னையே பாக்கறாங்க பாரு."

அவள் காலியான தெருவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் எதைச் சொன்னாலும் நம்புவாள்.

அமிர்தம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா எம் பொண்ணு இன்னா ஆயிருக்கும் சார்" என்று அழுதார்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.