உருளியின் இடது ஓரம்

பாயசங்களில் எனக்கு எல்லாம் ஒன்றுதான். பலாப்பழத்தில் காய்ச்சும் சக்கைப் பிரதமன் மேல் தனி ஆசை எதுவும் கிடையாது. தெருச் சமூகத்தின் செக்ரட்டரி பார்வதியம்மாள் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

நான் பிச்சுமணி, என்ஜினியரிங் காலேஜில் கணக்கு வாத்தியார். கரமனையில் எங்கள் தெருவின் சமாராதனை விருந்துக்குச் சமைத்த மஹேஷ் என் மனைவியின் தம்பி. அன்றைக்கு நன்றாக அமைந்தால் வருஷம் முழுக்கத் தெருவின் விசேஷங்கள் அவனுக்கே என்று பேச்சு. பாயசம் காய்ச்ச அகலமான புது வெண்கல உருளி வாங்கியிருந்தான். உள்ளே நாலு பேர் உட்காரலாம். அது எங்கே அடிபிடிக்கும் என்று தெரியாமல் பயந்துபோய் என்னிடம் வந்தான்.

"அத்திம்பேர், இதுலே சூடு எங்கே ஜாஸ்தின்னு உங்க கம்ப்யூட்டர் பறயுமோ?"

சொல்லும். வெப்பம் பரவுவதற்கு ஒரு சமன்பாடு உண்டு. அதை வேவ்லெட் முறையில் தீர்ப்பது என் வேலை. உருளியின் சூட்டைப் பெரிய அலை, சின்ன அலை, அதைவிடச் சின்ன அலை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போடுவோம். ஒரு வரம்புக்குக் கீழே உள்ள எண்களைத் தூக்கி எறிந்துவிடலாம். விடை அதிகம் மாறாது, கணக்கும் சீக்கிரம் முடியும். வரம்பு எவ்வளவு என்பது கணக்குப் போடுகிறவன் இஷ்டம்.

முதல் தடவையே கம்ப்யூட்டர் படத்தின் இடது ஓரத்தில், அடிபிடிக்கும் இடமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு தெரிந்தது. வரம்பைக் கொஞ்சம் உயர்த்தினேன். சிவப்பு வெளிறியது. இன்னும் உயர்த்தினேன், போய்விட்டது. படம் வழவழவென்று அழகாக இருந்தது. அதைத்தான் அவனிடம் கொடுத்தேன்.

"எல்லா இடமும் ஒரே சூடுடா. கிளற ரெண்டு ஆள் வேண்டாம்."

"அத்திம்பேர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நமஸ்காரம் பண்ணினான். ஒருவனைக் கிளற விட்டு, மற்றவனைப் பப்படம் பொரிக்க அனுப்பினான். முந்நூறு இலையிலும் தீய்ந்த வாசனை. மிச்சத்தைக் கொட்டிவிட்டு, மஹேஷ் உருளிக்குள் தலையைக் கவிழ்த்து அழுதான். நல்ல உருளி, எதிரொலித்தது. மறுநாளே தெருவுக்கு வேறு சமையல்காரரைப் பேசிவிட்டார்கள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். விரோதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சின்ன விஷயங்களை மனசில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. அவற்றைத் தூக்கி எறிவதுதான் என் தொழிலே. பதினொரு வருஷத்துக்கு முன் என் கல்யாணப் பந்தியில், இரண்டாம் தடவை பரிமாற வந்த மஹேஷ் என் இலையைத் தாண்டிப் போனான். அப்போது அவன் கரண்டியில் முக்கால் அளவு சக்கைப் பிரதமன் இருந்தது. மேலே ஏழு தேங்காய்ப் பல்.