ஒட்டிய கிட்டார்

மேட்டுப்பாளையம் போகும் காலைப் பேருந்தில் முன் சீட்டில் ஒரு பங்களாக் காவல்காரர். பக்கத்தில் அவர் மனைவி. அவர்கள் மடியில் கம்பளி சுற்றிய ஒரு கரண்ட் கிட்டார். பின் சீட்டில் நான். கோத்தகிரி தாண்டியதும் அந்த அம்மா கேட்டார்.

"ஏனுங்க, மறுபடியும் ஒடச்சுப்போடலாமுங்களா?"

"மெல்லப் பேசு அம்மிணி."

"பேர் போன பாட்டுக்காரன் மேடையில அடிச்சு ஒடச்சதாலதான் அதுக்கு வெலையே. ஏலத்துக்குப் போற சாமான உங்கள யாரு ஒட்டச் சொன்னா?"

"ஒடஞ்சத யாரு வாங்குவாங்கன்னு நெனச்சேன். மொதலாளி சந்தோசப்படுவாருன்னு பசை போட்டு ஒட்டுனேன். ஒடசல் அப்படியே இருக்கோணும்னு அவரு நேத்துத்தான சொன்னாரு."

"பெயிண்ட் வேற. கல்யாணத்துக்குப் போற மாதிரி மினுக்குது. வேலையும் போகும், இருக்கிற ஊடும் போகும்."

"இப்ப ஒடச்சா அதே எடத்துல ஒடையுமா?"

வண்டி வளைவில் திரும்பியது. காவல்காரர் கிட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய போன் அடித்தது. முதலாளி மேட்டுப்பாளையத்தில் காத்திருக்கிறாராம். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"ஏலக்காரங்க எழுதிக் கேக்கிறாங்க. கிட்டார் மொத்தம் எத்தனை துண்டா இருக்கு? எண்ணிச் சொல்லு."

"உள்ளதச் சொல்லிப்போடுங்க" என்றார் மனைவி, வாய்க்குள்ளேயே.

காவல்காரர் கம்பளியை விலக்கிப் பார்த்தார். ஒரு வளைவு போனது. முதலாளி மறுபடியும் கேட்டார்.

"ஒண்ணுங்க."