எழ மறுத்த சர்வரை எழுப்பிய உம்முசல்மா அம்மையாருக்கு

காஞ்சிபுரம் நலம்நாடி அறக்கட்டளை மருத்துவமனையின் கணினிப் பிரிவைக் கண்ணெனக் காத்து, இன்று பணிநிறைவு காணும் பண்பின் பெட்டகமே! பலரும் பதறும் வேளையில் பதறாத பக்குவமே! ஒலிமுகமது பேட்டையிலிருந்து முதலில் மிதிவண்டியிலும் பின்னர் ஸ்கூட்டியிலும் வந்து, முப்பதாண்டுகளுக்கும் மேலாக எங்கள் கணினி அறையின் சாவியையும் எங்கள் அனைவரின் நம்பிக்கையையும் ஒரே கைப்பையில் சுமந்த செம்மலே! அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய உம்முசல்மா அம்மையாரே! தங்களுக்கு எங்கள் வணக்கமும் சலாமும்!

அடைமொழிகளை அடுக்கிவிட்டு அமர்வதே பாராட்டு மடலின் வழக்கம். மருந்தகப் பிரிவைச் சேர்ந்த சாமுவேலாகிய என்னிடம் இதை எழுதப் பணித்த தோழர்களும் அதையே எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆயினும் அடைமொழிகளைக் கேட்டால் தாங்கள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வேறுபக்கம் பார்ப்பீர்கள் என்பது எமக்குத் தெரியும். ஆகவே நடந்த ஒன்றை நடந்தபடியே இங்கே சொல்கிறோம். பேச்சு வழக்கு மடலுக்கு அழகில்லை என்பார் பொறுத்தருள்க. தாங்கள் சொன்ன சொற்களைச் செந்தமிழில் மாற்றினால் அவை தங்களுடையவையாக இரா.

கணிதப் பட்டத்தோடு தாங்கள் இங்கு வந்தபோது, இம்மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு கணினி. அதற்கும் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்கள். நோயாளிகளின் பெயர்களைத் தட்டச்சு செய்வதே தங்கள் வேலை. கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைத் தாங்களாகவே கற்றீர்கள். காலப்போக்கில் பதிவு, ஆய்வகம், மருந்தகம், எக்ஸ்ரே என அனைத்தையும் சர்வர் என்னும் ஒரே மையக் கணினியில் குடியேற்றினீர்கள். கெர்னல் என்றால் என்னவென்று விழித்த எங்களுக்குத் தாங்கள் சொன்ன விளக்கம் இன்றும் நினைவிருக்கிறது. "பட்டனை அமுக்கினதும் முதல்ல முழிச்சுக்கறது அதுதான்பா. அது எழுந்தாதான் டிஸ்க்கு, நெட்வொர்க்கு, ஸ்க்ரீன் எல்லாத்தையும் எழுப்பும். அதுவே எழுந்திருக்கலைன்னா மீதி எல்லாம் சும்மா இரும்பு."

அது எழாத நாளும் ஒன்று வந்தது.

வைகாசி மாதம், வரதர் தேரோட்டம். தேர் வரும் வீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவைப்பது ஆண்டுதோறும் நடப்பதே. எங்கள் ஜெனரேட்டரைக் கவனித்துவரும் பரசுராமன் வழக்கம்போல் அதை இயக்கினார். மின்சாரம் நின்றதற்கும் ஜெனரேட்டர் கைகொடுத்ததற்கும் இடையிலுள்ள சிறுபொழுதைத் தாங்கவேண்டிய யுபிஎஸ் பேட்டரி அன்று தாங்கவில்லை. சர்வர் அணைந்தது. மீண்டும் இயக்கியபோது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் விறுவிறுவென ஓடி, கெர்னல் பேனிக், அதாவது கெர்னலால் எழ முடியவில்லை, என்று சொல்லி அப்படியே உறைந்து நின்றன.

தேர் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி எங்கள் வரவேற்பறையில் இருந்ததுபோல் ஒரு நெரிசல். சீட்டு அச்சாகவில்லை. மருந்துக் கணக்கு திறக்கவில்லை. பிரசவ அறுவைக்குத் தயாராகப் படுத்திருந்த ஒரு பெண்ணின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் சர்வருக்குள் சிக்கியிருந்தன. டாக்டர் மஹாலட்சுமி தாமே படியிறங்கி வந்தார்.

"மேடம், மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லிட்டேன். ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது. குழந்தையோட நாடித்துடிப்பு குறைஞ்சுக்கினு வருது."

அதே நேரத்தில், அறைவாசலில் நின்ற எங்கள் செயலாளர் வரதராஜன் அவர்கள் பரசுராமனிடம் வெடித்தார். (இந்தப் பகுதியை விடாமல் எழுதச் சொன்னவரும் அவரே.) "டிஸ்க்கே போச்சு! கரண்ட்டை ஒழுங்கா மாத்தத் தெரியலைன்னா இன்னாத்துக்குய்யா உனக்கு வேலை? நாளைலேருந்து வராதே!"

"சார், நான் எப்பவும் மாத்தறமாரிதான் சார் மாத்தினேன்" என்றார் பரசுராமன்.

தாங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள்: "டிஸ்க் போகலை சார். டிஸ்க்கை அடையாளம் தெரியலைன்னுதான் கெர்னல் சொல்லுது. டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லலை. கொஞ்சம் இருங்க."

சர்வரை மறுபடி இயக்கி, அது கண்விழிக்கும் முன், எந்தக் கெர்னலை எழுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் தொடக்கப் பட்டியலைத் திறந்தீர்கள். மேலே நின்ற புதிய கெர்னலை விட்டுவிட்டு, கீழே இருந்த பழைய கெர்னலுக்கு இறங்கினீர்கள். மெல்ல பிஸ்மி சொல்லி விசையை அழுத்தினீர்கள். எழுத்துகள் மீண்டும் ஓடின. முன்பு நின்ற இடத்தைத் தாண்டியும் ஓடின. கடைசியில் பயனர் பெயர் கேட்டுத் திரை காத்து நின்றபோது, டாக்டர் அம்மாவின் கைதான் முதலில் தங்கள் தோளில் விழுந்தது. இரத்த முடிவைப் பார்த்ததும் அவர் மாடிக்கு ஓடினார். அன்று பிறந்த பெண்குழந்தை நலம்; தாயும் நலம்.

சர்வர் எழுந்துவிட்டது, சங்கதி முடிந்தது என்றெண்ணி நாங்கள் உணவுக்குப் போய்விட்டோம். தாங்கள் வரவில்லை. ஏன் விழுந்தது என்று தெரியாமல் எழுந்ததை நம்பக்கூடாது என்பது தங்கள் கொள்கை. சர்வர் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தீர்கள். சில வாரங்களுக்கு முன் புதிய கெர்னல் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. தொடக்கக் கோப்புகளுக்கான சிறிய பகுதி பழைய கெர்னல்களால் நிரம்பிக் கிடந்ததால், புதியதற்கு டிஸ்க்கைக் காட்டிக்கொடுக்கும் துணைக்கோப்பு எழுதப்படாமலே போயிருந்தது. எச்சரிக்கை வந்திருந்தது, எவரும் பார்க்கவில்லை. அதன்பிறகு சர்வர் ஒருமுறையும் அணையாததால் கோளாறு வெளியே தெரியவில்லை. யார் கையால் மின்சாரம் நின்றிருந்தாலும் அது எழுந்திருக்காது.

மருந்துக் கொள்முதல் பற்றிப் பேச நான் செயலாளர் அறையில் நின்றிருந்தபோது தாங்கள் உள்ளே வந்தீர்கள்.

"சார், பரசுராமன் மேல தப்பு இல்லை. புது கெர்னலைப் போட்டது நான். போட்டுட்டு ஒரு வாட்டி ரீபூட் பண்ணிப் பார்த்திருக்கணும். பார்க்கலை."

செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். "மேடம், உங்க பிரமோஷன் இந்த மாசம் கமிட்டிக்குப் போவுது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் சார். என் பேர்லயே எழுதுங்க. அவரு பேர்ல எழுதினா பொய்யாயிடும்."

அம்மையாரே! ஒரு சொல் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். பதவி தங்களைத் தேடி வந்திருக்கும். பரசுராமனுக்காகப் பேச அன்று எவரும் இல்லை. தாங்கள் பேசினீர்கள். மறுநாள் காலை அவர் ஜெனரேட்டர் அறையைத் திறந்தார். தங்கள் பதவி உயர்வு தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு, குழுவின் முன் தங்களுக்காக வாதாடி அதைப் பெற்றுத் தந்தவர் அதே செயலாளர்தான் என்பதையும் இந்த அவையில் மகிழ்வோடு பதிவு செய்கிறோம்.

அன்றுமுதல் ஒரு புது வழக்கம் பிறந்தது. கூட்டமில்லாத ஞாயிறு ஒன்றில், மாதந்தோறும், தாங்களும் பரசுராமனும் சேர்ந்து வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தினீர்கள். "நிறுத்துங்க பரசு. எழுந்திருக்குதா பார்ப்போம்" என்பீர்கள். எழும், சில மாதம் முரண்டும் பிடிக்கும். முரண்டு பிடித்தால் நோயாளி இல்லாத நாளில் பிடிக்கட்டும் என்று சிரிப்பீர்கள். எந்தக் கெர்னலும் முதலில் உதிரிக் கணினியில் ஓடிக்காட்டாமல் சர்வருக்குள் நுழைந்ததில்லை. நன்றாக ஓடிய பழையதைப் புதியது நிலைக்கும்வரை அழித்ததும் இல்லை.

சென்ற ஆண்டு புதிய சர்வர் வந்தபோது, விற்ற நிறுவனத்தின் பொறியாளர் இருப்பதிலேயே புதிய கெர்னலைப் போட்டுத் தந்து, "லேட்டஸ்ட் மேடம்!" என்று பெருமைப்பட்டார்.

"நல்லாதான் இருக்குது தம்பி. ஆனா இதுக்குக் கொஞ்ச மாசத்துல சப்போர்ட்டு நின்னுடும், திருத்தம் எதுவும் வராது. அப்புறம் மாத்திக்கினே இருக்கணும்" என்றீர்கள்.

நாங்கள் அதுவரை பயன்படுத்திய பழைய கெர்னலுக்கோ புதிய சர்வரின் நெட்வொர்க் கார்டு அடையாளம் தெரியவில்லை. புதியதும் ஆகாது, பழையதும் ஆகாது. நெடுங்காலப் பராமரிப்பு உண்டென்று அறிவிக்கப்பட்டவற்றில், அந்தக் கார்டை அறிந்த ஒன்றைத் தேடிப் பிடித்தீர்கள். பல வாரம் உதிரிக் கணினியில் எங்கள் மருந்தகத்தையே அதன்மேல் ஓட்டிப் பார்த்தீர்கள். மாலைதோறும் என்னை அழைத்து, "சாமுவேல், இன்னைக்கு எங்கயாவது நின்னுச்சா?" என்று கேட்பீர்கள். நிற்கவில்லை என்று நான் சலிப்போடு சொல்லப் பழகிய பிறகே அதை நிறுவினீர்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நான் கேட்டேன். தாங்கள் கேபிள்களைக் கட்டிக்கொண்டே விடை சொன்னீர்கள்: "நான் ரிட்டையர் ஆகி ரொம்ப வருஷத்துக்கு இதுக்குத் திருத்தம் வந்துக்கினே இருக்கும்பா. அதுக்காகத்தான் இது."

தாங்கள் இருக்கப்போகாத ஆண்டுகளுக்காகத் தாங்கள் தேர்ந்தெடுத்த கெர்னல், இதோ, இந்த விழா நடக்கும் வேளையிலும் கீழ்த்தளத்தில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று வந்தவரின் மருந்துச் சீட்டும் நாளை பிறப்பவளின் பெயரும் அதன்மேல்தான் நிற்கும்.

முழங்கால் வலி தீர்ந்து முகமலர்ச்சி பெருகுக! துணைவர் கலீமுல்லா அவர்களோடு, நெடுநாளாய்த் தள்ளிவைத்த மக்கா உம்ரா பயணம் இனிதே நிறைவேறுக! உறக்கம் ஆழமாகவும் உணவு சுவையாகவும் உறவு சூழவும் தாங்கள் பல்லாண்டு நலமாய் வாழ்க! பணியில் இருந்த காலமெல்லாம், விடுமுறையிலும் விருந்திலும் தங்களை அழைத்த எங்கள் தொலைபேசி இனி அப்படி அழைக்காது. சர்வருக்காகத் தங்களைத் தேடமாட்டோம் என்று உறுதி கூறுகிறோம். தங்களுக்காகவே தேடுவோம்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
நலம்நாடி மருத்துவமனையின் மருத்துவர்கள், செவிலியர், ஆய்வகத்தார், மருந்தகத்தார், அலுவலகத்தார்,
மற்றும் முதல் ஒப்பம் தாமே இடவேண்டுமென்று கேட்டு இட்ட பரசுராமன்.
காஞ்சிபுரம்.