ரெண்டு தடவை செத்த அமோஸ் பில்பீம்

ஐயோ, அதையா கேட்டீங்க! "இந்தக் கடை ரொம்பப் பழசா"ன்னு சிரிச்சுக்கிட்டே வேற கேக்குறீங்க. உக்காருங்க தம்பி. இல்ல இல்ல, கணப்புக்குப் பக்கத்துல இருக்கே, அந்த நாற்காலி வேணாம். அது செட்ரிக்கோடது. மூணு வாரமா காலியாத்தான் கெடக்கு, இருந்தாலும் வேணாம். இப்படி பாருக்கு எதிர்ல உக்காருங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங்... இடிக்கப் போறாங்களாம்! நம்ம "மூணு கொக்கு" பப்பை! கம்பெனிக்காரங்க அடுக்குமாடி கட்டப் போறாங்களாம். கவுன்சில்ல போய் அழுதா, "இது வரலாறு உள்ள எடம்னு காட்டுங்க பெரில், காப்பாத்திடலாம்"ங்கிறாங்க. வரலாறுதானே? எங்க செட்ரிக் பில்பீமே ஒரு வரலாறு! எண்பது வயசு, பித்தளை பட்டன் வச்ச நீலக் கோட்டு... மூணாவது பைண்டு பியருக்கு மேல போனா, "என் கொள்ளுத்தாத்தா அமோஸ் பில்பீம் நடத்துன கடை இது"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. அதனால நானும் அவரும் சேந்து கெளம்பிட்டோம். இங்க யார் யார் முதலாளியா இருந்தாங்க, மேல யார் யார் குடியிருந்தாங்கன்னு கண்டுபிடிக்க.

குடிங்க குடிங்க, நான் பாட்டுக்கு பேசுறேன்.

மொதல்ல சர்ச்சுக்குப் பின்னாடி கல்லறை. பாசியச் சுரண்டுறோம், சுரண்டுறோம்... "அமோஸ் பில்பீம், மூணு கொக்கு". செட்ரிக்குக்குக் கண்ணு கலங்கிடுச்சு, தொப்பியக் கழட்டிட்டாரு. நான் பக்கத்துக் கல்லச் சுரண்டுனேன். "அமோஸ் பில்பீம், மூணு கொக்கு"! தேதி மட்டும் எட்டு வருஷம் கழிச்சு! ஒரே ஆளு ரெண்டு தடவை செத்திருக்கான் தம்பி! செட்ரிக் தொப்பிய மாட்டிக்கிட்டு, மறுபடி கழட்டுனாரு. எந்தக் கல்லப் பாத்து அழறதுன்னு பாவம் அவருக்கே தெரியல.

நான் சும்மா இருக்கக் கூடாதா? படம் எடுத்து இன்டர்நெட்டுல போட்டேன். ரெண்டே நாள்ல ஹல் ஊர்லேர்ந்து போன். மார்னின்னு ஒருத்தி. அவளும் பில்பீமாம்! "அமோஸ் எங்க கொள்ளுத்தாத்தாவாச்சே"ங்கிறா. அப்புறம் அவ சொன்ன கதை இருக்கே... சமையல்கட்டுல தரையில உக்காந்துட்டேன் நான்.

அமோஸ் பன்னி வாங்கப் போறேன்னு போனானாம். பன்னியும் வரல, அவனும் வரல. நேரா ஹல்லுக்குப் போய் இன்னொரு குடும்பம்! இங்க பொண்டாட்டி டாம்சின், மாட்டிக்கிட்டா. பியர் விக்கிற லைசென்ஸ் புருஷன் பேர்ல. அவன் செத்திருந்தாலாவது விதவைன்னு இவ பேருக்கு மாத்திருப்பாங்க. ஓடிப்போனவனுக்கு என்ன பண்றது? அவ என்ன பண்ணா தெரியுமா? "மாடியில இருக்காரு, இடுப்பு புடிச்சுக்கிச்சு"ன்னுட்டா! தினம் மாடிக்கு சூப்பு எடுத்துட்டுப் போவாளாம், அவளே குடிச்சிட்டு எறங்குவாளாம்.

ஒரு நாள் லைசென்ஸ் அதிகாரி வந்துட்டான், ஆளப் பாக்கணும்னு. மாடி ரூம்ல வாடகைக்கு இருந்தவன் ரூபன் டக். குடை ரிப்பேர் பண்றவன், வாயில்லாப் பூச்சி. அவனப் புடிச்சு, அமோஸோட தூங்குற தொப்பிய மாட்டி, கட்டில்ல தள்ளி, "மொனகு!"ன்னாளாம். மொனகியிருக்கான் பாருங்க, அதிகாரியே பயந்து எறங்கிட்டானாம்!

அதுக்கப்புறம் ரூபனா எப்படிக் கீழ எறங்குறது? அமோஸ் மாதிரி மீசை வச்சுக்கிட்டு அமோஸாவே எறங்கிட்டான்! பியர் ஊத்துனான், கணக்குப் பாத்தான், புள்ளைங்களும் பொறந்துச்சு. தெருவுக்கே தெரியும் தம்பி! பாதிரியாருக்குத் தெரியும், ரொட்டிக்காரனுக்குத் தெரியும். ஒருத்தன் வாயத் தொறக்கல. தொறந்தா கடைய மூடிடுவாங்களே, எங்க போய்க் குடிக்கிறது?

வருஷக்கணக்கு கழிச்சு நெஜ அமோஸ் சளியும் காய்ச்சலுமா வந்து நின்னானாம், இதே வாசல்ல. டாம்சின் அவன் கையப் புடிச்சு மாடிக்குக் கூட்டிட்டுப் போனா. இந்தத் தடவை நெஜமாவே சூப்பு. கொடுத்தது யாரு? ரூபன்! ஒரு மாசத்துல அமோஸ் செத்துட்டான். சொந்தப் பேர்லயே கல்லு வச்சா, லைசென்ஸ்காரங்களுக்கு மட்டும் சொல்லல. எட்டு வருஷம் கழிச்சு ரூபன் போனப்ப, அவன் கல்லுலயும் ஊர் கூப்பிட்ட பேருதான், அமோஸ். அமோஸத் தேடி ஹல் பொண்டாட்டி இங்க வந்தாளாம். அவகிட்ட மட்டும் டாம்சின் எல்லாத்தையும் கொட்டியிருக்கா. அதான் மார்னி வீட்டுக்குத் தெரியும்.

ஆக, அந்தப் புள்ளைங்க வழியில வந்த செட்ரிக் பில்பீமே இல்ல. ரூபன் டக் வம்சம்! இத அவரத் தனியா கூப்பிட்டு, பக்கத்துல உக்காந்து, பதமா சொல்லணும். மார்னியும் அதையேதான் சொன்னா. சொல்லலாம்னுதான் இருந்தேன்! ஆனா மூணு வாரத்துக்கு முன்னாடி வியாழக்கிழமை, கடையில வினாடி வினா, கடை நெறைய ஜனம், கையில மைக்... "ஏழாவது கேள்வி! நம்ம செட்ரிக்கோட நெஜக் கொள்ளுத்தாத்தா யாரு?"

சிரிக்காதீங்க! ...சரி, நானும்தான் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு கோட்டு பட்டன எல்லாம் ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு. ஒரு தெருவே சேந்து அத்தன வருஷம் மூடி வச்ச வாய நான் ஒருத்தி ஒரே ராத்திரியில... இன்னிக்கு சாயங்காலம் கவுன்சில் கூட்டம். பேசவேண்டியது அவரு. போனே எடுக்க மாட்டேங்கிறாரு. கடை போனாக்கூடப் பரவால்ல தம்பி, அந்த மனுஷன் மொகம்...

ஏசுவே! செட்ரிக்! வாங்க வாங்க! மழையில நனைஞ்சு... நான் இவருகிட்ட எதுவுமே சொல்லல, சத்தியமா! ...என்ன? மாடி ரூமா? எந்தக் கட்டில்னா... கட்டில் எங்க இருக்கு, இப்ப உருளைக்கிழங்கு மூட்டைதான் கெடக்கு. எதுக்கு?

...சும்மா நின்னு பாக்கணுமா.

போய்ப் பாருங்க. ரூபன் ஜன்னலோரமாத்தான் படுத்திருந்தாராம், மார்னி சொன்னா. செட்ரிக்... இன்னொண்ணும் சொன்னா. அந்த ஹல் பொண்டாட்டிகிட்ட டாம்சின் சொன்னாளாம், "ஓடிப்போனவன் பேர்ல எனக்கு ஒருத்தன் தங்கினான்"னு. அவருதான் உங்க ஆளு. மன்னிச்சிடுங்க. மைக்கையே வித்துடுறேன்.

...என்ன சொன்னீங்க? கவுன்சில்ல இதையே சொல்லப் போறீங்களா? ரூபன் டக் வம்சம்னா? எல்லார் முன்னாடியும்? அமோஸ் கதைக்கு அவங்க கொட்டாவிதான் விடுவாங்களா! ஐயோ, ஒங்கள...! நானும் வரணுமா? வாயே தொறக்காம? முழுக் கூட்டமும்? ...முயற்சி பண்றேன். செட்ரிக், முயற்சிதான் பண்ண முடியும்!

தம்பி, ஒரு மணி நேரம் கடையப் பாத்துக்கிறீங்களா... தம்பி? அட, எப்ப எந்திரிச்சுப் போனாரு? பாதி பைண்ட அப்படியே வச்சிட்டு! நல்ல மனுஷன், ஒரு வார்த்தை குறுக்க பேசல.